மழை நாளில் சூரியன் எங்கே?

கேள்வி:

மருதனார்மடத்தில் நான்கு பரப்புக் காணியில் வெங்காயமும் கத்தரியும் வைக்கிறேன். மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். காற்று, மழை, கடல், மண், மரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைப்பது சூரிய சக்திதான் என்று அவளுடைய பாடத்தில் இருக்கிறதாம். எனக்கு அது பிடிபடவில்லை. நான் கண்டவரைக்கும் வெயில் தண்ணீரைக் குடிக்கும், தராது. காண்டாவனத்தில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. மழை கொட்டுகிற கார்த்திகையிலோ சூரியனைக் கண்ணாலும் காணக் கிடைப்பதில்லை. பிறகு எப்படி மழை சூரியனுடைய வேலையாகும்? சரி, சூரியன்தான் என்றால், வெயில் உச்சத்தில் நிற்கும் சித்திரையில் பெய்யாமல் ஏன் ஆறேழு மாதம் கழித்துப் பெய்கிறது? கடைசியாக ஒன்று. மண்ணெண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் சோலர் பம் பூட்டலாம் என்று யோசிக்கிறேன். சோலர் பூட்டினால் கிணறு உவராகிவிடும் என்று சந்தையில் ஒருவர் பயமுறுத்தினார். சூரியனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?

— தோட்டக்காரர் ஒருவர், மருதனார்மடம்

பதில்:

சம்பந்தம் நிறையவே உண்டு. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நல்ல தண்ணீரை உங்கள் கிணற்றுக்கு அனுப்புவதே சூரியன்தான். சந்தையில் சொன்னவர் பாதி சரி, பாதி பிழை. வெயில் தண்ணீரைக் குடிக்கிறது என்று நீங்கள் சொன்னதும் சரிதான். குடித்ததை வேறோர் இடத்தில், வேறொரு மாதத்தில் அது திருப்பிக் கொடுக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் மகளின் பாடம் முழுவதும் விளங்கிவிடும். கணக்கோடு பார்ப்போம்.

வெயில் எங்கே போகிறது?

சூரியனின் நடுப்பகுதியில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகிறது. அங்கே பிறக்கும் சக்தி சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஒளியாகக் கிளம்பி, 15 கோடி கிலோமீற்றரைக் கடந்து, 8 நிமிடம் 20 விநாடியில் நம்மிடம் வருகிறது. பூமிக்கு வந்து சேர்வதில் நூற்றுக்கு 30 பங்கை முகிலும் பனியும் மணலும் அப்படியே விண்வெளிக்குத் திருப்பிவிடும். மீதி 70 பங்கை வளிமண்டலமும் கடலும் நிலமும் உறிஞ்சுகின்றன.

யாழ்ப்பாணத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 5 யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. மின்சார பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு பரப்பு என்பது 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு பரப்புக் காணியில் ஒரு நாளில் விழும் வெயில் 1,200 யூனிட்டுக்கு மேல். உங்கள் நான்கு பரப்பில் 5,000 யூனிட். இவ்வளவும் தினமும் வந்தும் நிலம் உருகிவிடவில்லையே, ஏன்? வந்த சக்தி உடனுக்குடன் வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது. அந்த வேலைகளில் மிகப் பெரியது தண்ணீரை ஆவியாக்குவது. உலக அளவில் பார்த்தால், நிலமும் கடலும் உறிஞ்சும் சூரிய சக்தியில் பாதியளவு இந்த ஒன்றுக்கே செலவாகிறது.

இது எவ்வளவு பாரிய வேலை என்பதை அடுப்படியில் பார்க்கலாம். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றிக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.08 யூனிட் போதும். கொதிக்கத் தொடங்கிய பின் மூடியைத் திறந்துவிட்டு, அது முழுவதும் ஆவியாகிக் கேத்தில் காயும்வரை விடுங்கள். அதற்கு முன்னதைப்போல் எட்டு மடங்கு சக்தி வேண்டும். இத்தனைக்கும் தண்ணீரின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டி ஒரு பாகைகூட ஏறாது. கொடுத்த வெப்பம் எல்லாம் ஆவிக்குள் மறைந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைத்தான் உயர்தரப் புத்தகத்தில் மறைவெப்பம் என்கிறார்கள். வெயிலில் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகும் தண்ணீருக்கும் இதே கதைதான்: லீற்றருக்கு ஏறத்தாழ 0.68 யூனிட்.

அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்து முகிலாகித் துளியாகும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதும் வெளியே வரும். அது சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தள்ளும். மேலே போகப் போக மேலும் ஆவி துளியாகும். கார்த்திகையில் உங்கள் காணிக்கு மேல் கறுத்து நிற்கிற முகிலை வளர்ப்பது இந்த வெப்பமே. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் 25,000 லீற்றர் விழுகிறது. அவ்வளவு தண்ணீர் துளியாகும்போது மேலே வெளிப்பட்ட வெப்பம் 17,000 யூனிட். மாதம் 90 யூனிட் பாவிக்கும் வீடொன்றுக்கு அது 15 வருடத்துக்கு மேல் காணும். மழை நாளில் சூரியனைக் காணவில்லை என்றீர்கள். முன்னைய நாட்களில் வங்காள விரிகுடாவில் அடித்த வெயில்தான் அன்று உங்கள் தலைக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த வெப்பம் கட்டுக்கடங்காமல் ஓரிடத்தில் குவிந்தால் அது புயல். கடல்மேற்பரப்பு 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால்தான் பொதுவாகப் புயல் உருவாகும். நம் ஞாபகத்தில் நிற்கும் 2008 நிஷா, 2020 புரெவி, 2025 டித்வா மூன்றும் நவம்பர், டிசம்பரில் வந்தவை. மூன்றும் வங்காள விரிகுடாவில் தேங்கிய வெயிலைத் தின்று வளர்ந்தவை. கரையேறியதும் அவை வலுவிழப்பது நிலத்தில் முட்டி மோதுவதால் மட்டுமல்ல. சூடான கடலிலிருந்து வந்துகொண்டிருந்த ஆவி நின்றுபோவதாலும்தான்.

சித்திரையிலிருந்து கார்த்திகைக்கு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் சூரியன் இலங்கைக்கு நேரே உச்சம் கொடுப்பது பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல் விடும். தெற்கே ஏப்ரல் 5 அளவில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, 14, 15 அளவில் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேரும். ஏறக்குறைய வருடப்பிறப்போடு. அன்று மதியம் 12 மணி 10 நிமிடம் அளவில் மகளோடு போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். சுவரின் நிழல் தண்ணீரில் விழாது. வெயில் நேரே அடிவரை இறங்கும். 2,200 வருடங்களுக்கு முன் எகிப்தின் சையீன் ஊர்க் கிணறொன்றில் ஆனி மாத நடுப்பகலில் வெயில் இப்படி நேரே இறங்குவதைக் கேள்விப்பட்டுத்தான் எரடோசுதெனிசு என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். உங்கள் கிணற்றுக்கு இது வருடத்தில் இரண்டு தரம் நடக்கும். சூரியன் தெற்கே திரும்பும்போது ஓகஸ்ட் 28 அளவில் மறுபடியும் உச்சத்துக்கு வரும்.

உச்ச வெயில் சித்திரையில் விழுந்தாலும் மழைக்கு வெயில் மட்டும் போதாது. ஆவியைச் சுமந்துவரக் காற்றும் வேண்டும். காற்றை ஓட்டுவதும் வெயில்தான், ஆனால் அது எங்கே சமனில்லாமல் விழுகிறது என்பதே முக்கியம். நிலம் கெதியாகச் சூடேறும், கெதியாக ஆறும். கடல் ஆறுதலாகச் சூடேறி ஆறுதலாக ஆறும். வைகாசிக்குப் பின் இந்தியத் துணைக்கண்டமும் அதற்கு வடக்கே திபெத்தும் காய்ந்து, அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்ப இந்து சமுத்திரத்திலிருந்து காற்று ஓடுகிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. கொண்டுவந்த ஈரத்தை அது இலங்கையின் தென்மேற்கிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிடும். நமக்கு வந்துசேர்வது காய்ந்த சோளகம். புழுதியைக் கிளப்பும், வெங்காயத் தறையின் ஈரத்தை உறிஞ்சும், மழை மட்டும் தராது. ஓகஸ்டில் சூரியன் மறுபடி உச்சத்துக்கு வந்தும் ஊர் வறண்டு கிடப்பது இதனால்தான்.

புரட்டாதியில், செப்டெம்பர் 23 அளவில், சூரியன் மத்தியகோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. ஆசிய நிலம் ஆறத் தொடங்குகிறது. வங்காள விரிகுடாவோ வருட நடுவில் வாங்கிய வெப்பத்தை வைத்துக்கொண்டு இன்னும் 28 பாகை அளவில் இருக்கிறது. சூரியனோடு சேர்ந்து வடக்கும் தெற்குமாய் நகரும் மழைப் பட்டி ஐப்பசியில் நம்மைக் கடந்து தெற்கே இறங்குகிறது. காற்றும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. சூடான கடல், அதன் மேலாக நம்மை நோக்கி வரும் காற்று, தலைக்கு மேல் மழைப் பட்டி: மூன்றும் கூடிவருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டும். வருடத்தில் சராசரியாகப் பெய்யும் 1,250 மில்லிமீற்றரில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில் விழுகிறது. தை பிறக்க மழைப் பட்டி இன்னும் தெற்கே போய்விடும். காற்று அதே வடகிழக்குத்தான், ஈரம் குறைந்துவிடும். அந்த வாடைக்காற்றில்தான் பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுகிறது.

இந்தத் தொடர்பு வங்காள விரிகுடாவோடும் நிற்பதில்லை. பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம், பெரு நாட்டுக்கு வெளியே, கடல் வழமையைவிடச் சூடாகும் வருடங்களை எல் நினோ வருடங்கள் என்கிறோம். அப்படியான வருடங்களில் இலங்கையின் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை சராசரியைவிடக் கூடுவது வழக்கம். உலகின் மறுகோடியில் வெயிலின் வெப்பம் இடம் மாறித் தேங்க, மருதனார்மடத்தில் வெங்காயத் தறையில் வெள்ளம் நிற்கும்.

கேத்திலின் அடியில் இருப்பது

இப்போது அந்த மழை போய் இறங்கும் கல்லைப் பார்ப்போம். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். 230 இலட்சம் வருடத்துக்கும் 50 இலட்சம் வருடத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த இடம் ஆழங்குறைந்த, வெயில் ஊடுருவும் கடலாக இருந்தது. அதில் வாழ்ந்த முருகைகள், சிப்பிகள், நுண்ணுயிர்கள் கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்து ஓடு கட்டின. அவற்றுக்கு உணவு வந்தது வெயிலைத் தின்னும் பாசிகளிடமிருந்து. செத்த ஓடுகள் படிந்து இறுகியதுதான் உங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருக்கும் கல். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அரைத்ததும் இதே கல்லைத்தான்.

கல் இருந்தால் மட்டும் கிணறு ஊறாது. கல்லுக்குள் இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்கியதும் வெயிலின் வழிவந்த வேலையே. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சாக விடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெடிப்பாகவும் குகையாகவும் ஆக்குகிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு இப்படிக் கரைந்து உண்டான பள்ளம்தான். கீரிமலையில் கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறி வருவதும் இந்தக் குகைவழிகளால்தான்.

இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் கேத்திலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாய், விரல்நகத்தால் கீறினால் பொருக்காய்க் கழன்று வரும் படிவு இருக்கும். இரண்டு துளி தேசிக்காய்ப்புளி விட்டால் நுரைக்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, சூடேறியதும் மறுபடி கல்லாகிவிட்டது. கோடி வருடத்துக்கும் முன்னைய கடலுயிர்களின் ஓடு கல்லாகி, மழையில் கரைந்து, உங்கள் அடுப்படியில் திரும்பவும் கல்லாகியிருக்கிறது. கடல், உயிர், கல், மழை, மண் என்று மகள் தனித்தனி அத்தியாயமாகப் படிப்பதெல்லாம் இந்தப் பொருக்கில் ஒன்றாக இருக்கிறது.

இலை பிடிக்கும் பங்கு

தோட்டக்காரருக்கு இலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விடயத்தை மட்டும் பாருங்கள். பூமிக்கு வரும் சூரிய சக்தியில் ஒளித்தொகுப்பினால் உணவாக மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சிறு பங்கில்தான் பனையும் கத்தரியும் மாடும் மனிதரும் வாழ்கிறோம். பாக்கு நீரிணை மீன் வளம் மிக்கதாக இருப்பதும் இதனால்தான். பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் தரை தட்டும் ஆழம், வெயில் அடிவரை போகும், கடற்புல் வளரும், அதை நம்பி இறாலும் நண்டும் கடலட்டையும் கடற்பசுவும் வாழும்.

இலை தான் பிடித்த வெயிலுக்கு விலையாகத் தண்ணீரைக் கொடுக்கிறது. காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்க இலைத்துவாரம் திறக்கும்போது, அதே வழியால் நீராவி வெளியே போகிறது. வெயில் காலத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீரை விடும். ஒரு பரப்புக்கு 1,250 லீற்றர். கிணற்றை வெயில் குடிக்கிறது என்று நீங்கள் கண்டது இதைத்தான். கிணற்று வாயால் ஆவியாகிப் போவது சொற்பம். பெரும்பங்கு உங்கள் பம் வழியாகத் தறைக்கு வந்து, இலை வழியாகப் போகிறது.

அந்தப் பம்மை ஓட்டும் மண்ணெண்ணெயும் வெயில்தான். பல கோடி வருடங்களுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் பிடித்துவைத்த வெயில், சேற்றில் புதைந்து எண்ணெயானது. அது ஒருநாள் வராமல் நின்றால் என்ன நடக்கும் என்பதை உலகில் பலர் புத்தகத்தில் படிக்கிறார்கள். நாம் வாழ்ந்து பார்த்தோம். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் குடாநாடு சைக்கிளிலும் துலாவிலும் விறகிலும் ஓடியது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது அந்த நினைவு பலருக்குத் திரும்ப வந்தது. புதைந்த வெயிலை எரிப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது விடும் காபனீரொட்சைட்டு, பூமி விண்வெளிக்கு அனுப்ப வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி 7 வீதம் கூடும். பெய்யும்போது கூடுதலாகக் கொட்டும். காயும்போது கூடுதலாக உறிஞ்சும்.

எல்லாம் சூரியன் இல்லை

பாடப்புத்தகம் சொல்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும். பூமியின் உள்ளே தனக்கென்று ஒரு வெப்பம் உண்டு. பூமி உருவான காலத்து மிச்சமும், பாறைகளிலுள்ள கதிரியக்கமும் தரும் வெப்பம் அது. வெயிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனாலும் கண்டங்களை நகர்த்துவதும் நிலநடுக்கத்தை உண்டாக்குவதும் அதுதான். 2004 டிசம்பர் 26 அன்று வடமராட்சி கிழக்கைத் துடைத்தெடுத்த ஆழிப்பேரலை அந்தக் கணக்கைச் சேர்ந்தது. அதில் சூரியனுக்குப் பங்கில்லை. கடல் வற்றுப்பெருக்கு சந்திரனின் ஈர்ப்பால் வருவது. சூரியனின் ஈர்ப்புக்கு அதில் பாதிக்கும் குறைந்த பங்கு. மற்றப்படி காற்று, மழை, நீரோட்டம், பயிர், முகில் என்று நீங்கள் அன்றாடம் காண்பதெல்லாம் வெயிலின் கணக்கில் வரும்.

இனி உப்பும் உங்கள் பம்மும்

ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் அளவு உப்பு உண்டு. ஆனையிறவு உப்பளத்துக்குப் போனால் சூரியன் உப்பையும் தண்ணீரையும் பிரிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாத்தியில் நிற்கும் கடல்நீரில் தண்ணீர் மட்டும் மேலே போகிறது, உப்பு கீழே தங்குகிறது. மேலே போன பங்குதான் உலகில் எங்கோ மழை. உப்பளக்காரர் கீழே தங்கியதை அள்ளுகிறார். தோட்டக்காரர் மேலே போனதை இறைக்கிறார். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீரைப் பிரிக்கக் கட்டப்பட்டது. இத்தகைய நிலையங்கள் கடல்நீரை ஆவியாக்குவதில்லை, மென்சவ்வினூடாக அழுத்திப் பிரிக்கின்றன. ஆகவே 1,000 லீற்றருக்குப் பொதுவாக 3, 4 யூனிட்டோடு முடித்துவிடும். சூரியன் அதே 1,000 லீற்றருக்கு 680 யூனிட் செலவழிக்கிறது. செலவழித்தும் பில் அனுப்புவதில்லை. அதனால்தான் அந்த வேலையின் பெறுமதி நமக்குத் தெரிவதில்லை.

குடாநாட்டில் அந்த நல்ல தண்ணீர் இருக்கும் விதத்தையும் பாருங்கள். நமக்கு நிரந்தரமாக ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கீழேயிருக்கும் கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. வள்ளம் மிதப்பது போலத்தான்: மேலே தெரிவது கொஞ்சம், அமிழ்ந்திருப்பது அதிகம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீற்றர்வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. வள்ளத்தின் பாரத்தை இறக்கினால் அடி மேலெழும்பும் அல்லவா? அதேபோல, மேலே நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால், உவர்நீர் கீழேயிருந்து அதன் பல மடங்கு மேலெழும்பப் பார்க்கும். பலமான பம் பூட்டிக் குறுகிய நேரத்தில் உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே மட்டும் உவர் கூம்பாகக் கிளம்பும். கடற்கரையோரக் கிணறுகள் இதை முதலில் காணும். நீங்கள் வலிகாமத்தின் நடுப்பகுதியில் இருப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. எல்லை இல்லாமல் இல்லை.

இப்போது கணக்கைக் கூட்டுவோம். உங்கள் நான்கு பரப்புக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5,000 லீற்றர் தேவை. வருடத்தில் 200 நாள் இறைத்தால் 10 இலட்சம் லீற்றர். அதே நான்கு பரப்பில் வருடம் முழுவதும் பெய்யும் மழை 12 இலட்சத்து 60 ஆயிரம் லீற்றர் அளவு. அதில் ஒரு பங்கு ஓடிவிடும், ஒரு பங்கு திரும்பவும் ஆவியாகிவிடும். மிச்சம்தான் கீழே இறங்கும். அப்படியென்றால் நீங்கள் இறைப்பதில் ஒரு பங்கு உங்கள் காணியில் விழுந்த மழை அல்ல. அயல் காணியில், வீதியோரத்தில், கோயில் வீதியில், பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து இறங்கியது. இராமநாதன் கல்லூரி வளவிலோ ஆஞ்சநேயர் கோயில் சூழலிலோ ஒரு துண்டு நிலத்துக்குச் சீமெந்து போட்டால் அதன் கணக்கு உங்கள் கிணற்றில் எழுதப்படும்.

மண்ணெண்ணெய்ப் பம்முக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது காசு கேட்கும். செலவைப் பார்த்து நீங்களே நிறுத்திவிடுவீர்கள். சோலரில் அந்தத் தடை இல்லை. 400 வாற்றுப் பலகம் ஒன்று, நல்ல வெயில் நாளில், 8 மீற்றர் ஆழத்திலிருந்து 20,000 லீற்றருக்குக் குறையாமல் இறைக்கக்கூடும். உங்கள் தேவையின் நான்கு மடங்கு. சந்தையில் சொன்னவர் சரியான பாதி இது. பலகத்தில் விழும் வெயில் உப்பை உண்டாக்காது. இலவசமாகக் கிடைக்கிறது என்று ஓடவிடும் பம், சூரியன் 680 யூனிட் செலவழித்துப் பிரித்த உப்பையும் தண்ணீரையும் அரை யூனிட் செலவில்லாமல் மறுபடி கலந்துவிடும். வெயிலுக்கு அளவில்லை, வெயில் கொண்டுவந்து தரும் தண்ணீருக்கு அளவுண்டு. பம்மின் அளவை இரண்டாவதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே சோலர் பூட்டுங்கள், ஆனால் இப்படி. சின்னப் பம் போதும். அது நாள் முழுவதும் மெதுவாக இறைக்கட்டும். மெதுவாக இறைத்தால் நீர்மட்டம் சடாரென்று இறங்காது, உவர்க் கூம்பும் எழும்பாது. தண்ணீரைத் தொட்டியில் சேருங்கள். நடுப்பகலில் நேரே தறைக்கு விட்டால் ஆவியாகிப் போவது கூடும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பின் விடுங்கள். 5,000 லீற்றர்த் தொட்டி நிரம்பியதும் பம் தானாக நிற்கும் மிதவை ஆளியொன்றைப் பூட்டினால், மண்ணெண்ணெய் விலை செய்த வேலையை அது செய்யும். கத்தரிக்குச் சொட்டு நீர்ப்பாசனமும் வெங்காயத்துக்குத் தூவல் முறையும் வைத்தால் அந்த 5,000 லீற்றரும் குறையும். தறைக்கு வைக்கோலோ காய்ந்த பனையோலையோ பரப்பி மண்ணை மூடினால் இன்னும் குறையும். தண்ணீர் போதவில்லை என்று கிணற்றுக்குள் குழாய் இறக்கி ஆழமாக்க வேண்டாம். அது உவருக்கு நீங்களே வழி திறப்பது.

எடுக்கிறவர் வைக்கவும் வேண்டும். புரட்டாதி முடிவதற்குள் காணியின் வரம்பைக் கட்டி, கூரைத் தண்ணீரை வடிகட்டும் குழி வழியாக நிலத்துக்குள் விடுங்கள். குழி மலசலகூடக் குழிக்கும் உரம் வைக்கும் இடத்துக்கும் தள்ளி இருக்கட்டும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கனவே கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவுக்கு மிஞ்சிய யூரியா மழையோடு சேர்ந்து அதே வெடிப்புகளால்தான் கீழே போகிறது. மாரிக்கு முன் ஒரு தரமும் ஆடியில் ஒரு தரமும் தண்ணீரைப் பரிசோதித்து, உப்பின் அளவையும் நைத்திரேற்றின் அளவையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை மகளிடம் கொடுக்கலாம். புவியியல் செயற்றிட்டத்துக்கு அதைவிட நல்ல தரவு கிடைக்காது. நாக்குக்கு உவர்ப்புத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். எண்களில் அது முன்னரே தெரிந்துவிடும். இரண்டு வருடம் தொடர்ந்து உப்பு ஏறினால், இறைக்கும் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், ஆடியில் குறைந்த தண்ணீர் குடிக்கும் பயிருக்கு மாறுங்கள். கடையில் பம் பார்க்கும்போது பலகம் எத்தனை வாற்று என்று கேட்பதற்கு முன், மணிக்கு எத்தனை லீற்றர் இறைக்கும் என்று கேளுங்கள். உங்களுக்கு 800 லீற்றர் போதும்.